பிசிறு இல்லாத நாசில்

தணிகாசலத்தின் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆரணி கொசப்பாளையத்தில், பழைய மாவு மில்லை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. உள்ளே ஒரு லேத், ஒரு கிரைண்டர், சுவரில் ஆணியடித்து மாட்டிய கருவிகள், தரையெங்கும் சுருள் சுருளாகப் பித்தளைச் சீவல். விசைத்தறிக்காரர்கள் பல் தேய்ந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். களம்பூர் அரிசி ஆலைகளிலிருந்து ஷாஃப்ட் வரும். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கூட, எங்கும் கிடைக்காத சின்னத் திருகு வேண்டுமென்றால் இவரிடம்தான் ஓடிவருவார்.

மனிதருக்கு ஒரு திமிர் உண்டு. அது அவருடைய கண்ணைப் பற்றியது. கடைந்த சாமானைக் கையில் எடுத்ததும் முதலில் அளவைச் சொல்லிவிடுவார். அப்புறம்தான் மைக்ரோமீட்டரை எடுத்து அளப்பார். பெரும்பாலும் சொன்னபடியே இருக்கும். இருந்தால் நம்மைப் பார்த்து ஒரு சிரிப்பு. "இந்த மைக்ரோமீட்டரு உங்களுக்குக் காட்டறதுக்கு. எனக்கு வோணாம்," என்பார்.

அந்தக் கண்ணை நான் கெடுத்தேன். அடித்தோ, எதையாவது ஊற்றியோ அல்ல. ஒரு இன்லேண்டு கடிதம் எழுதிக் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் கதை இல்லை இது.

நான் குணசுந்தரி. வீடு அதே ஆரணியில், சைதாப்பேட்டை என்ற பகுதியில். அப்பா சிவப்பிரகாசம் பட்டு நெய்கிறவர். வேலூரில் இயற்பியல் படித்துவிட்டு, 1996இல் சென்னைக்கு அருகே ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். லேசர் என்றதும் எங்கள் தெருவே கண் டாக்டருக்குப் படிக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டது. இரண்டு பேர் கண்புரைக்கு யோசனை கேட்டார்கள். தணிகாசலம் அண்ணன் ஒருவர்தான் உண்மையில் என்ன செய்கிறேன் என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தவர்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கண் இமைக்கும் நேரத்தை இரண்டு லட்சம் கோடித் துண்டுகளாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. அதை, வெற்றிடத்துக்குள் பீய்ச்சியடிக்கும் ஆர்கான் வாயுவில் குவிப்போம். ஒளி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி வெளியே இழுக்கும். ஒளியின் அலை திரும்பும்போது அதே எலக்ட்ரானைக் கொண்டுவந்து அணுவின்மேல் மோதவிடும். அந்த மோதலில் புதிய ஒளி பிறக்கும். உள்ளே போன ஒளியின் அதிர்வெண்ணைப்போலப் பதினைந்து மடங்கு, பத்தொன்பது மடங்கு, இருபத்தொரு மடங்கு என்று ஒற்றைப்படைக் கணக்கில் அது வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது; கருவிக்குத் தெரியும். இதற்கு ஹார்மோனிக் என்று பெயர்.

ஆர்கான் மந்த வாயு, யாரோடும் சேராது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்போம். ஆனால் அதிக அழுத்தத்தில் சின்னத் துளை வழியே வெற்றிடத்துக்குள் பாயும்போது வாயு கடுமையாகக் குளிர்ந்துவிடும். அந்தக் குளிரில் அணுக்கள் நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக வரும். தனி அணுக்களைவிட இந்தக் கொத்துகள் அதிகமாக ஹார்மோனிக் ஒளி தருமா, தராதா? இதுதான் என் ஆய்வுக் கேள்வி. அழுத்தத்தைக் கூட்டினால் கொத்து பெரிதாகும். கூட்டிக்கொண்டே போய் ஒளி எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

வாயு வெளியே வரும் துளைக்குத்தான் நாசில் என்று பெயர். வெறும் நேர்த்துளையாக இருந்தால் வாயு வந்ததும் நாலாபக்கமும் சிதறிவிடும். கூம்பாக இருந்தால் சிதறாமல் ஒன்றாகப் போகும், கொத்து வளர அவகாசம் கிடைக்கும். வெளிநாட்டில் சொல்லியிருந்த நாசில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். 1999 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, ஒரு தாளில் படம் வரைந்து அண்ணனிடம் கொண்டுபோனேன்.

தாளைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக வைத்தார்.

"இந்தாண்ட அரை மில்லி. அந்தாண்ட ரெண்டு மில்லி. நீளம் பத்து மில்லி. இன்னாம்மா இது, எறும்பு ஊதற நாயனமா?"

"வாயு போறதுக்கு அண்ணா."

"உள்ள சொரசொரப்பு இருக்கலாமா?"

"கூடாது. ஒரு கீறல்கூடக் கூடாது."

"அப்ப ஒரு வாரம் வோணும். ஜல்தி ஜல்தின்னு வந்து நிக்காத."

வந்து நின்றேன். தினமும் போய், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சின்னக் கூம்புக்குக் கடையில் கருவி கிடையாது. உடைந்த ட்ரில் பிட் ஒன்றின் தண்டைக் கூம்பாகச் சீவி, பாதியைத் தேய்த்துத் தட்டையாக்கி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, அவரே ஒரு கருவி செய்தார். முதல் இரண்டும் உடைந்தன. மூன்றாவது பித்தளைக்குள் இறங்கியது. அப்புறம் உட்புறத்தை மினுக்க வேண்டும். அரை மில்லி துளைக்குள் எதை விட்டுத் தேய்ப்பது? எங்கள் வீட்டிலிருந்து பட்டுக் கழிவு நூல் கொண்டுவரச் சொன்னார். பருத்தி அறுந்துபோகும், பட்டுதான் தாங்கும் என்றார். நூலில் பாலிஷ் பசையைத் தடவித் துளைக்குள் விட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு இழுத்தார், இழுத்தார், ஒரு நாள் முழுக்க இழுத்தார். கடைசியில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காற்றடித்து, வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஒரு பிசிறு கிடையாது. எடுத்துகினு போ," என்றார். பிறகு, "சரியா வந்தா எழுது. சரியா வரலைன்னாலும் எழுது. எங்க தப்புன்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது அந்தக் கடிதம்தான்.

சென்னையில் அந்த நாசிலை மாட்டி வாயுவைத் திறந்தோம். முதலில் எல்லாம் பிரமாதம். அழுத்தம் கூடக் கூட ஹார்மோனிக் ஒளி கிடுகிடுவென்று ஏறியது. நாங்கள் கணக்குப் போட்டதைவிட வேகமாக ஏறியது. ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று இறங்க ஆரம்பித்தது. இன்னும் கூட்டினால் இன்னும் இறங்கியது. மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அதே இடத்தில் அதே இறக்கம்.

வேறு எந்த ஊர்க்காரிக்கும் அந்த இறக்கம் என்ன என்று தெரிந்திருக்காது. தெரியாததால் யோசித்திருப்பாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பிசிறு. எங்கள் வீட்டில் விடிந்ததும் அம்மா அபிதகுசாம்பாள், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் எழுந்து நிற்கும் பிசிறைத்தான் முதலில் பார்ப்பாள். இழை சிக்கினால் பிசிறு, குறுக்கே ஓடும் தறி நாடா தடுக்கினால் பிசிறு, புடவையில் புள்ளி விழுந்தால் பிசிறு. பட்டு நூலை நாள் முழுக்க ஒரு பித்தளைத் துளைக்குள் இழுத்தால் அதில் நாலு பிசிறு தங்காமல் போகுமா? அழுத்தம் கூடும்போது அது எழுந்து நின்று வழியை அடைக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

என் வழிகாட்டி கேரளாக்காரர், நிதானமானவர். "உள்ளே பார்த்தாயா?" என்று கேட்டார்.

"டார்ச் அடித்துப் பார்த்தேன் சார். தெரியவில்லை. அவ்வளவு மெல்லிசாக இருக்கும். பட்டைப் பற்றி எனக்குத் தெரியும் சார்."

அவருக்குப் பட்டைப் பற்றித் தெரியாது. என்னை நம்பினார்.

அன்றே கடிதம் எழுதினேன். இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "அண்ணா, குறைந்த அழுத்தத்தில் நாசில் நன்றாக வேலை செய்தது. அழுத்தம் கூட்டினால் சரியாக வரவில்லை. உள்ளே பட்டு நூல் பிசிறு தங்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வேறு வருகிறது. உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன்." என் இரண்டு கண்ணாலும் பார்த்தவளைப்போல எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

அந்த வருடக் கடைசியில் வெளிநாட்டு நாசில் வந்தது. கூம்பு கிடைக்கவில்லை என்று வெறும் நேர்த்துளையைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதில் அழுத்தம் கூடக் கூட ஒளி அழகாக ஏறிக்கொண்டே போனது, எங்கும் இறங்கவில்லை. கொத்துகள் ஹார்மோனிக் ஒளியைக் கூட்டுகின்றன என்று ஆய்வேடு எழுதி, 2001இல் பட்டம் வாங்கினேன். ஆரணி நாசிலில் எடுத்த அளவுகளை, கருவிக் கோளாறு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டேன். அதே ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது.

அடுத்த வருடம் அப்பா தொலைபேசியில் ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம தணிகாசலம் பட்டறைய, கிரில் வேலை பண்ற பரசுராமன் கையில உட்டுட்டான். கண்ணு போச்சாம். களம்பூர்ல ரைஸ் மில்லுல பெல்ட்டு மாட்டிகினு, கிரீஸ் வெச்சிகினு இருக்கான்."

நான் "அய்யோ பாவம்" என்றேன். என்றுவிட்டு, தையற்காரர் ரவிக்கையைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். நாற்பது வயதில் ஒரு மனிதருக்குத் திடீரென்று ஏன் கண் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2004இல் ஒரு நாள் நூலகத்தில் புதிய இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை. ஆர்கான் கொத்துகளில் ஹார்மோனிக். அதில் ஒரு வரைபடம். கோடு கிடுகிடுவென்று ஏறி, ஓரிடத்தில் திரும்பி, இறங்கியது. அந்தக் கோட்டை நான் ஐந்து வருடம் முன்பே, மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

விளக்கம் எளிமையாகத்தான் இருந்தது. கொத்து சின்னதாக இருக்கும்வரை ஒளி கூடும். ரொம்பப் பெரிதாகிவிட்டால், வெளியே இழுக்கப்பட்ட எலக்ட்ரான் தன் அணுவுக்குத் திரும்புவதற்குள் பக்கத்து அணுக்களிடம் சிக்கித் திசைமாறிவிடும். மோதல் குறையும், ஒளியும் குறையும். வெளிநாட்டு நேர்த்துளையில் எங்களுக்குப் பெரிய கொத்துகள் உருவாகவே இல்லை. அதனால் அதில் இறக்கமும் இல்லை. அண்ணனின் கூம்பில் உருவாகியிருக்கின்றன. அவருடைய நாசிலில் குறை இருந்ததால் ஒளி இறங்கவில்லை. அது அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் இறங்கியது.

ஓடிப்போய் என் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தேன். நாசில் பஞ்சில் சுற்றியபடி இருந்தது. அதற்குக் கீழே ஒரு கூரியர் உறை, ஆரணி முத்திரையோடு, பிரிக்காமல். 1999 நவம்பரில், வெளிநாட்டு நாசில் வந்த அதே வாரம் வந்த உறை. அப்புறம் பார்க்கலாம் என்று உள்ளே போட்டது நினைவுக்கு வந்தது. கிழித்தேன். பிலிம் ரோல் டப்பா ஒன்றில் இரண்டாவது நாசில். கூடவே ஒரு சீட்டு.

"குணாவுக்கு. இது புதுசா செஞ்சது. இதுல நூலே போடல. மூங்கில் குச்சிய சீவி அதுல பாலிஷ் பண்ணேன். லென்ஸ் வெச்சி நாலு நாள் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு ஏதாவது தெரியுதான்னு பார்த்து உடனே எழுது. தணிகாசலம்."

நூலே போடாத நாசில். அதை அன்று மாட்டியிருந்தால், அதே இறக்கம் அதே இடத்தில் வந்திருக்கும். பிசிறு என்று சொல்ல வாய் வந்திருக்காது. வேறு வழியில்லாமல் யோசித்திருப்பேன். என் ஆய்வுக் கேள்விக்கான உண்மையான பதிலை ஒரு லேத்காரர் பிலிம் டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறார். நான் உறையைப் பிரிக்கவில்லை.

மறுநாள் மாட்டினேன். ஏறியது, இறங்கியது. நாசிலைச் சூடாக்கிப் பார்த்தேன். சூட்டில் கொத்துகள் அவ்வளவு பெரிதாக வளராது. எதிர்பார்த்தபடியே இறக்கம் இன்னும் அதிக அழுத்தத்துக்குத் தள்ளிப்போனது. துளையின் குறைதான் காரணம் என்றால், சூடு காட்டியதும் இறக்கம் இடம் மாறியிருக்காது. முதல் நாசிலையும் மாட்டினேன். அச்சு அசல் அப்படியே. கடைசியாக முதல் நாசிலை நீளவாக்கில் அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பிசிறு கிடையாது.

கண்டுபிடிப்பு வேறொருவருடையதாகிவிட்டதே என்று இரண்டு நாள் அழுதேன். அண்ணன் நினைவுக்கு வந்தது மூன்றாவது நாள்தான். இதையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பற்றி யாரும் உயர்வாக நினைத்துவிட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணிக்குப் போனேன். பட்டறையில் பரசுராமன் கிரில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வீடு அடுத்த தெரு. அவருக்கு மில் விடுமுறை. சட்டை போடாமல் செய்தித்தாளை நன்றாகத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி புஷ்பலதா அக்கா தேநீர் கொண்டுவந்தாள். என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இறக்கம், கொத்து, வெளிநாட்டுக் கட்டுரை, பிரிக்காத உறை. அறுத்த நாசிலின் இரண்டு பாதிகளையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் அவற்றைத் தொடவில்லை.

"அப்ப ரெண்டாவதுல பிசிறு இல்ல," என்றார்.

"இல்லண்ணா."

"மொதல்லயும் இல்ல."

"இல்ல. நான் பார்க்காமலே எழுதிட்டேன்."

"அந்த ரெண்டாவத அனுப்பிட்டு மூணு மாசம் தபால்காரன பார்த்துகினு இருந்தேன். நீ எழுதல. சரி, இதுலயும் இருக்குது, சொல்றதுக்குச் சங்கடப்பட்டுகினு நீ உட்டுட்டன்னு நெனச்சேன். லென்ஸ் வெச்சும் தெரியலன்னா கண்ணு போச்சுன்னுதான அர்த்தம்? அப்புறம் யார் சின்ன வேலை கொண்டாந்தாலும் பயம். தப்பா பண்ணிடுவேன்னு திருப்பி அனுப்பிடுவேன்."

"வேலூர்ல டாக்டரு ரெண்டு தடவ பார்த்தாரு," என்றாள் புஷ்பலதா அக்கா, சுவரைப் பார்த்தபடி. "கண்ணு சுத்தமா இருக்குதுன்னாரு."

"அவரு எழுத்தப் படிக்கச் சொன்னாரு. நூலக் கண்டுபிடிக்கச் சொல்லல."

"நானும் சொன்னேன். கேட்டீங்களா? படிச்ச பொண்ணு எழுதியிருக்குது, அது பொய்யா எழுதுமான்னு என்கிட்ட சண்டைக்கு வந்தீங்க."

எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாம்போல இருந்தது. "மன்னிச்சிடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். அது எவ்வளவு சின்னச் சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"உடும்மா," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

பையிலிருந்து புதுப் படத்தை எடுத்தேன். எங்களுக்கு இப்போது மூன்று அளவில் கூம்பு நாசில்கள் வேண்டும், கொத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், நீங்கள்தான் செய்ய வேண்டும், பரசுராமன் அண்ணனிடம் கேட்டுவிட்டேன், லேத் தருகிறேன் என்றார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தாளை வாங்கிக்கொண்டார். முகம் மாறியது. ஒவ்வொரு கூம்புக்கும் சரிவு எவ்வளவு, பித்தளையா, எஃகா என்று கேட்டார். விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பத்து நிமிடம் பழைய தணிகாசலம் அங்கே இருந்தார். பிறகு தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"ஏண்ணா? கை மறந்துபோச்சா?"

"கை மறக்கல. செஞ்சிடுவேன். செஞ்சி முடிச்சி வெயில்ல தூக்கிப் பார்ப்பேன் பாரு, அப்ப ஒண்ணும் தெரியலன்னா, உள்ள ஒண்ணும் இல்லாததால தெரியலயா, இருந்தும் என் கண்ணுக்குத்தான் தெரியலயான்னு எனக்குப் புரியாது. நீ இப்ப வந்து சொல்லிட்ட, சந்தோசம். ஆனா அஞ்சு வருசமா இப்படியே பழகிப்போச்சும்மா. அரிசி மில்லுல வேலை பார்க்கறேன், என் சோத்துல கல்லு இருக்குதான்னு புஷ்பாதான் பார்த்துப் போடறா."